ஏழுக்கு முப்பத்தேழு

இரண்டாவது வளைவில் வண்டி நின்றுவிட்டது.

நின்றது என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். முக்கியது, முனகியது, கறுப்பாய்ப் புகை கக்கியது. அப்புறம் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது. டிரைவர் பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்துப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் பின்னால் பார்த்தான். குவாரிக்குக் கல்லுடைக்கப் போகும் பதினாலு பெண்களும் ஒருத்தி மேல் ஒருத்தி சரிந்து பின்கதவோடு ஒட்டிக் கிடந்தார்கள்.

"எல்லாரும் எறங்கிக்குங்கக்கா," என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"ஏறலியா தம்பி?"

கேட்டவள் பெரியக்கா. பதினாலு பேருக்கும் அவள்தான் மூத்தவள். அவள் எழுந்தால் எல்லோரும் எழுவார்கள், அவள் முறைத்தால் லாரிக்காரர்கள்கூட ஹாரன் அடிப்பதை நிறுத்துவார்கள்.

"ஏறலக்கா. லோடு தாங்கல."

"அதுக்கு ஏன் மூஞ்சியத் தொங்கப் போடுற? நீ நிதானமா வா. நாங்க குறுக்குப் பாதையில நடந்து வந்துர்றோம். எறங்குங்கடி!"

இறங்குவது லேசில்லை. வண்டியை உயர்த்தியதிலிருந்து தரைக்கும் பின்கதவுக்கும் இடையில் இடுப்பளவு பள்ளம். அதற்காகவே டிரைவர் ஒரு பழைய பெயிண்ட் டிரம்மைக் கூடவே கொண்டுவந்தான். பதினாலு பேரும் டிரம்மில் கால் வைத்து இறங்கி, பாறைகளுக்கு நடுவில் போகும் குறுக்குப் பாதையில் மறைந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

டிரைவர் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டான். சிரிக்கட்டும். சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

ஐந்து நாளைக்கு முன்னால்தான் குவாரி சூப்பர்வைசர் அவனைக் கூப்பிட்டுவிட்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார்: "ஒன் வண்டி மேல புகார். பதினாலு பேரும் ஒண்ணா வந்து, இந்த வண்டி வேணாம், வேற வண்டி விடுங்கன்னு நிக்கிறாங்க. மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா வேற ஆள்."

என்ன புகார் என்று டிரைவர் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அன்று காலையில்தான் பாதை நடுவே துருத்திக்கொண்டிருந்த பாறையில் வண்டியின் அடிவயிறு இடித்து, பதினாலு பேரும் ஒரு முழம் எம்பி விழுந்திருந்தார்கள்.

இந்த ஓட்டம் போனால் அவனுக்கு வேறு ஓட்டம் இல்லை. ஸ்டியரிங் போனால் சம்மட்டிதான். பதினோரு வருஷம் இதே குவாரியில் சம்மட்டி பிடித்தவன் அவன். அதன் சம்பளம் போக மிச்சமிருப்பது வலது தோள்பட்டை. அது காதுக்கு மேலே எழும்பாது. தலை வாரும்போது சீப்பைத் தலைக்குக் கொண்டுபோக முடியாமல் தலையைச் சீப்புக்குக் கொண்டுபோவான். ஸ்டியரிங் பிடிக்க அந்தத் தோள் போதும். சம்மட்டிக்குப் போதாது. ஒரு நாள்கூடப் போதாது.

அதனால்தான் மைத்துனன் பேச்சைக் கேட்டான். மைத்துனன் பழைய டயர் கடையில் வேலை. உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் டயரிலிருந்தே ஆரம்பிப்பான்.

"மாமா, அடி இடிக்குதா? வண்டியத் தூக்கு. தூக்கினா டயர் சின்னதாத் தெரியும். முப்பத்திமூணு இஞ்ச் டயர் ஒரு செட்டு நம்ம கடையில சும்மா கெடக்கு. போட்டா வண்டி யானை மாதிரி நிக்கும்."

யானை மாதிரிதான் நின்றது. நடக்கத்தான் மாட்டேன் என்றது.

பெண்கள் இறங்கிப்போனதும் காலி வண்டி கொஞ்சமும் வெட்கமில்லாமல் மேட்டில் ஏறியது. குவாரி வாசலை அடைந்தபோது ஏழு அடித்து ஆறு நிமிஷம். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார், ரிஜிஸ்தரில் ஏழு என்று எழுதினார்.

"போ."

அந்த ஒரு சொல்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.  இந்த ஆள் மனசுக்குள்ளேயே கணக்குத் தீர்த்துவிட்டான் என்று டிரைவர் நினைத்துக்கொண்டான்.

அன்று மாலை வீட்டில் மனைவி சாக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

"இப்ப என்னவாம்?"

"ஏற மாட்டேங்குது."

"முன்னாடி ஏறிச்சா?"

"ஏறிச்சு. இடிச்சுச்சு. இப்ப இடிக்கல. ஏறல."

"என் தம்பி சொன்னான்னு செஞ்சீங்களாக்கும்?"

"ஒன் தம்பிதானே சொன்னான்?"

"அவன் பேச்சைக் கேட்டு நான் ஒரு ரப்பர் செருப்பு வாங்கியிருக்கேனா? என்ன கொறைன்னு அந்தப் பொம்பளைங்களையே ஒரு வார்த்தை கேட்டா என்னவாம்?"

"கேக்கணுமா? வண்டி இடிச்ச சத்தம் பக்கத்து மலைக்குக் கேட்டுச்சு."

 பதிலை மெஷின்தான் சொன்னது, கடகடவென்று.

மறுநாள் மேட்டடியில் ஒரு லாரிக்காரன் யோசனை சொன்னான். எந்த வண்டிக்கும் ரிவர்ஸ் கியரில்தான் இழுப்பு அதிகம், திருப்பிப் போட்டுப் பின்பக்கமாக ஏற்று என்றான். இரண்டாவது வளைவில் இடம் அகலம். டிரைவர் அங்கே வண்டியைத் திருப்பினான்.

"தம்பி, எங்க போற?" பெரியக்கா குரலில் முதல்முறையாகக் கலக்கம். "வீட்டுக்கா?"

"மேலதான்க்கா. பின்பக்கமா ஏத்தப் போறேன். நீங்க யாரும் எறங்க வேணாம், அப்படியே உக்காருங்க."

"ஐயய்யோ! பாக்காத பக்கம் போற வண்டியில நாங்க உக்கார மாட்டோம். எறங்குங்கடி!"

அவன் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. டிரம்கூட வேண்டாமென்று குதித்து இறங்கிப் போனார்கள். வண்டி பின்பக்கமாக ஏறியது. நன்றாகவே ஏறியது. கழுத்தை முறுக்கிக்கொண்டு, வலது தோள் குத்தக் குத்த, குவாரி வாசலுக்குள் புட்டத்தை முதலில் நுழைத்தான். வாசலில் நின்ற அத்தனை லாரிக்காரர்களும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து அவனுக்குப் பெயர் ரிவர்ஸ்.

"ரிவர்ஸு, நாளைக்குத் தலைகீழா வருவியா?"

சூப்பர்வைசர் ரிஜிஸ்தரில் ஏழு என்று எழுதினார். "போ."

ரிவர்ஸ் அன்றே பல் டாக்டரிடம் போனான்.

பல் டாக்டர் என்பது அச்சு மெக்கானிக். அச்சு உருண்டைக்குள் இருக்கும் பற்சக்கரங்களை அவரளவு அறிந்தவர் அந்தப் பக்கம் கிடையாது. அவருக்கே முன்பல் இரண்டு இல்லை. ஒரு ஜாக்கி நழுவியதில் போனது. அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது.

அவர் டயரைப் பார்த்தார். ரிவர்ஸைப் பார்த்தார். மறுபடி டயரைப் பார்த்தார்.

"எவன் சொன்னான்?"

"மச்சான்."

"மச்சான் சொன்னா கால்ல கட்டையக் கட்டிக்கிட்டு ஓடுவியா? இங்க பாரு. அச்சுக்குள்ள ரெண்டு பல்சக்கரம். சின்னதுல பத்து பல்லு, பெருசுல முப்பத்தொம்போது. சின்னது ஏறக்குறைய நாலு சுத்து சுத்தினா டயரு ஒரு சுத்து சுத்தும். இது பழைய டயருக்குப் போட்ட கணக்கு. நீ டயரப் பெருசாக்கிட்ட. இப்ப ஒரு சுத்துக்கு வண்டி நீளமா நடக்கணும். இன்ஜினு அதே கெழட்டு இன்ஜினு. எங்க நடக்கும்?"

"அப்ப டயரக் கழட்டிரட்டா?"

"கழட்டு. தூக்கி வச்ச வண்டியில பழைய டயரப் போட்டா நடுவுல ஆளு நிமுந்து போகலாம். பாக்கறவன் எல்லாம் சிரிப்பான்."

"ஏற்கனவே சிரிக்கிறாங்க."

பல் டாக்டர் கொஞ்சம் இளகினார். "ஒனக்கு ஓட்டம் எப்படி?"

"தெனமும் மேடில்லாத சமரோட்டுல முப்பது கிலோமீட்டர். கடைசி மூணு கிலோமீட்டர் மேடு."

"அங்கதான் கஷ்டம். மேட்டுக்குன்னு பல்லு போட்டா ரோட்டுல கத்தும். ரோட்டுக்குன்னு போட்டா மேட்டுல சாகும். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு. ஒம்போதுக்கு நாப்பத்தொண்ணு. முன்னச்சுக்கு ஒரு செட்டு, பின்னச்சுக்கு ஒரு செட்டு. ரெண்டும் ஒரே கணக்கா இருக்கணும். சொல்லி விட்டா மூணு வாரத்துல வரும்."

"மூணு வாரமா? மாசமே முடிஞ்சிருமே!"

"பல்லு என்ன, பொரியா? அள்ளிக் குடுக்க?"

ரிவர்ஸ் இரண்டு செட்டுக்கும் சொல்லிவிட்டு வந்தான். மூன்று வாரம். மாசக் கடைசிக்கு ஒரு நாள் முன்னால் வரும். அதுவரை தினமும் இரண்டாவது வளைவில் மானம் போகும். தான் செத்தது நிச்சயம் என்று அவனுக்கே தெரிந்தது.

மைத்துனன் இரண்டே நாளில் உயிர் கொடுத்தான். பழைய இரும்புக் கடையில், செத்துப்போன ஒரு வண்டியின் பின்னச்சுக்குள்ளிருந்து ஒரு செட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"ஏழுக்கு முப்பத்தேழு, மாமா! பல் டாக்டர் சொன்ன ஒம்போதுக்கு நாப்பத்தொண்ணுக்கே ஏறும்னா, ஏழுக்கு முப்பத்தேழுக்குப் பறக்கும்ல? கணக்கு எனக்கும் வரும்!"

"முன்னச்சுக்கு?"

"அது கெடைக்கல. பின்னாடி மட்டும் போட்டுக்க. மேடு ஏறப் பின்காலுதானே வேணும்?"

பல் டாக்டர் அந்தச் செட்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். துக்க வீட்டில் நிற்பதுபோல நின்றார்.

"போடச் சொன்னாப் போடறேன். ஆனா ஒரு சத்தியம் பண்ணிக் குடு. முன்னச்சுல பத்துக்கு முப்பத்தொம்போது, பின்னச்சுல ஏழுக்கு முப்பத்தேழு. முன்காலு ஒரு வேகத்துல நடக்கும், பின்காலு ஒரு வேகத்துல நடக்கும். முன்னச்சையும் சேத்து இழுக்க வைக்கிற அந்த நாலு சக்கர லீவர நீ தொடவே கூடாது. தொட்ட, என்கிட்ட வராத. நேரா இரும்புக் கடைக்குப் போ."

ரிவர்ஸ் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

மறுநாள் சமரோட்டிலேயே பிரச்சினை ஆரம்பித்தது. வண்டி நாற்பதைத் தாண்டியதும் இன்ஜின் அலறியது. ஐம்பதில் ஊளையிட்டது. மீட்டர் அறுபது காட்டியது, ஆனால் தபால்காரர் மொபெட்டில் தாண்டிப் போனார். பின்னால் பதினாலு பெண்களும் காதைப் பொத்திக்கொண்டு வந்தார்கள்.

"தம்பி, வண்டி அழுவுது!" என்று கத்தினாள் ஒருத்தி. அவளைக் கண்ணாடிக்காரி என்பார்கள். கல் சில்லு தெறிக்காமலிருக்கக் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை அவள் வீட்டிலும் கழற்றுவதில்லை.

ஆனால் மேட்டில் ஏறியது. ரிவர்ஸுக்கு நம்பமுடியவில்லை. முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவு வந்தது. ஏறுகிறது, ஏறுகிறது என்று அவன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தபோது வளைவில் கிடந்த சரளைக்கல்லில் பின்டயர்கள் வழுக்கிச் சுழன்றன. அவன் கை தானாக நாலு சக்கர லீவரை இழுத்துவிட்டது. பதினைந்து வருஷப் பழக்கம். சத்தியம் செய்த வாய் வேறு, லீவர் பிடித்த கை வேறு.

வண்டி ஒரு துள்ளு துள்ளியது. முன்னால் போவதா பின்னால் போவதா என்று தெரியாமல் பாதையின் குறுக்கே ஆடு மாதிரி எகிறியது. அப்புறம் முன்னச்சுக்குள் வெடி போட்டது போல ஒரு சத்தம்.

 எண்ணெய் மட்டும் சொட்டியது.

பெண்கள் இறங்கினார்கள். கண்ணாடிக்காரி அவன் கதவருகே வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரு மாதிரி பரிவோடு பார்த்தாள்.

"இவ்ளோ மெனக்கெட வேணாம் தம்பி. நீ சும்மா நிறுத்தினாலே நாங்க எறங்கிக்குவோம்."

"நானா நிறுத்தினேன்? ஒடைஞ்சு போச்சுக்கா!"

"ஆமா, ஆமா. ஒடைஞ்சுதான் போச்சு." அவள் பெரியக்காவைப் பார்த்துச் சிரித்தாள். பெரியக்கா அவளை முதுகில் ஒரு தட்டுத் தட்டித் தள்ளிக்கொண்டு போனாள். போகிற போக்கில் சொன்னாள்: "மனசு தங்கம்டி தம்பிக்கு."

இந்தக் குத்தல் பேச்சுதான் ரிவர்ஸுக்குத் தாங்கவில்லை. நேரடியாகத் திட்டினால் பதில் சொல்லலாம். தங்கம் என்பவளிடம் என்ன சொல்ல?

பல் டாக்டர் அவனை இரும்புக் கடைக்கு அனுப்பவில்லை. அதைவிடக் கேவலமாக, ஒன்றுமே சொல்லாமல் முன்னச்சைப் பிரித்தார். உள்ளேயிருந்து உடைந்த பற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவன் உள்ளங்கையில் வைத்தார். ஐந்து பல்.

"வச்சுக்க. ஞாபகத்துக்கு."

அந்த வாரம் முழுக்க முன்னச்சு வெறும் கூடாகவே ஓடியது. பின்னச்சு மட்டும் இழுத்தது. தினமும் இரண்டாவது வளைவுச் சரளையில் டயர் வழுக்கும். தினமும் பதினாலு பேரும் இறங்குவார்கள். ரிவர்ஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு போய்ச் சரளையை வழித்துத் தள்ளினான். தோள் வீங்கியது. திங்கட்கிழமை காலையில் மேலிருந்து வந்த லாரி ஒன்று அதே இடத்தில் அரை லோடு சரளையைச் சிந்திவிட்டுப் போயிருந்தது.

அன்று அவன் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கி, சரளைமேலேயே உட்கார்ந்துகொண்டான்.

"மாமா, கவலைப்படாத," என்றான் மைத்துனன் மாலையில். "முன்னச்சுக்கும் ஏழுக்கு முப்பத்தேழு கெடைச்சிருச்சு!"

"வேணாம்டா."

"ரெண்டும் ஒண்ணாயிரும். நாலு சக்கரம் போடலாம். சரளையாவது மண்ணாவது!"

"ரோட்டுல கத்துமேடா."

"கத்தினாக் கத்திட்டுப் போகுது. ஒம் பொண்டாட்டி கத்தல? என் அக்காதான், நானே சொல்றேன்."

உள்ளேயிருந்து சாக்கு ஊசி ஒன்று பறந்து வந்தது. மைத்துனன் குனிந்துகொண்டான். சுவரில் பட்டு விழுந்தது.

நம்பிக்கை என்பது கெட்ட பழக்கம். விட்டுவிட்டேன் என்பவன்தான் மறுபடி தொடுவான். ரிவர்ஸ் முன்னச்சையும் மாற்றினான்.

இப்போது நாலு சக்கரமும் ஒரே கணக்கில் நடந்தன. மேட்டில் இழுப்பு பிரமாதம். ஆனால் மேட்டுக்கு வருமுன் முப்பது கிலோமீட்டர் இருந்தது. அந்த முப்பது கிலோமீட்டரும் கிழட்டு இன்ஜின் தொண்டை கிழிய ஓடி, மேட்டில் மூச்சுப் பிடித்து ஏறி, சரியாக இரண்டாவது வளைவில் கொதித்துவிட்டது. பானெட் இடுக்கெல்லாம் ஆவி. உள்ளே யாரோ துணி வேகவைப்பது போலிருந்தது.

பெண்கள் இறங்கினார்கள்.

"இன்னிக்கு ஆவியா?" பெரியக்கா இடுப்பில் கைவைத்து நின்று மெச்சினாள். "தெனமும் ஒண்ணு கண்டுபிடிக்கிறியே தம்பி! இந்த மூளைக்கு நீ எங்கயோ இருக்க வேண்டியவன்."

ரிவர்ஸுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆவிதான் என்று துடைத்துக்கொண்டான்.

"அக்கா, ஒரே ஒரு வாரம் பொறுத்துக்குங்க. நல்ல பல்லு வருது. அப்புறம் நீங்க எறங்கவே வேண்டியதில்ல."

பெரியக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆனால் எல்லோரும் போய்விட்டார்கள், அவளும் அவசரமாகப் பின்னால் போனாள்.

அந்த வாரம் முழுக்க அவன் குடத்தில் தண்ணீர் கொண்டுபோனான். தினமும் கொதித்தது, தினமும் ஊற்றினான். ரிவர்ஸ் என்ற பெயர் போய் லாரிக்காரர்கள் இப்போது அவனை 'வெந்நீர்' என்றார்கள். சூப்பர்வைசர் மட்டும் மாறவில்லை. ஏழு பத்துக்குப் போனாலும் ஏழு என்று எழுதினார். போ என்றார். ஒரு நாள் ரிவர்ஸ் தாங்காமல் ஜன்னலருகே நின்றுவிட்டான்.

"சார், மாசக் கடைசிக்குள்ள சரியாயிரும் சார்."

"என்னது?"

"வண்டி சார்."

"சரி, சரி. போ."

சரி சரியாம். கழுத்தை அறுக்கிறவன்கூட ஆட்டைப் பார்த்துச் சரி சரி என்றுதான் சொல்வான் என்று மனைவியிடம் சொன்னான். மனைவி அவன் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீட்டு மூலையில் அவனுடைய பழைய சம்மட்டி சாத்தியிருந்தது. பிடி காய்ந்து தளர்ந்திருந்ததை நேற்றுத்தான் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்திருந்தான்.

"அதை ஏன் எடுத்தீங்க?" என்றாள் அவள்.

"பாத்து வச்சுக்கறதுதான்."

அவள் இன்னொரு கை தைலம் எடுத்தாள். கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள்.

மாசக் கடைசிக்கு முந்தின நாள் பல் டாக்டர் ஆள் அனுப்பினார். ஒன்பதுக்கு நாற்பத்தொன்று வந்துவிட்டது. இரண்டு செட்டு. அழுக்குத் தாளில் சுற்றி, எண்ணெய் பூசி, புதுப் பெண் மாதிரி இருந்தது. பல் டாக்டர் காலையில் பெண்களை இறக்கிவிட்டு வந்த வண்டியை வாங்கிக்கொண்டு சாயங்காலம் திரும்ப அழைக்கப் போவதற்குள் முடித்துக் கொடுத்தார். அளவு பார்த்தார், மறுபடி பிரித்தார், மெல்லிய தகடு ஒன்றைச் செருகினார், மறுபடி பூட்டினார். கடைசியில் டயரைக் கையால் சுழற்றிக் காதை வைத்துக் கேட்டார்.

"கேளு," என்றார்.

"ஒண்ணும் கேக்கலியே."

"அதான்."

மாசக் கடைசி நாள் காலை ரிவர்ஸ் குளித்து, தலையைச் சீப்புக்குக் கொண்டுபோய் வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். சமரோட்டில் அறுபதில் போனான். இன்ஜின் முணுமுணுத்ததோடு சரி. மீட்டர் இந்த ஒரு மாதத்தில் முதன்முறையாக உண்மை பேசியது. தபால்காரர் மொபெட்டைத் தாண்டும்போது ஹாரன் அடித்தான், தேவையில்லாமல்.

மேடு வந்தது. முதல் வளைவு. இரண்டாம் கியர். இழுத்தது. இரண்டாவது வளைவு கண்ணில் பட்டதும் ரிவர்ஸுக்கு வியர்த்தது. நாலு சக்கர லீவரைப் போட்டான். வண்டி சரளைமேல் ஏறியது, கடித்தது, ஒரு துளிகூட வழுக்கவில்லை, ஏறியது!

பின்னாலிருந்து கேபின் கூரையில் தடதடவென்று தட்டினார்கள். பதினாலு பேரும் சேர்ந்து தட்டினார்கள்.

கைதட்டுகிறார்கள்!  ஒரு மாதமாகத் தன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் இன்று கைதட்டுகிறார்கள். ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தான். தட்டல் பலமாயிற்று. யாரோ கத்தினார்கள். அவனும் ஜன்னல் வழியே கையை நீட்டி ஆட்டினான். வலது கை, தோள் எழும்பிய மட்டும்.

குவாரி வாசலில் ஆறு நாற்பத்தெட்டு. பன்னிரண்டு நிமிஷம் முன்னதாக. லாரிக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ரிவர்ஸ் இறங்கி, டிரம்மை எடுத்துப் பின்கதவடியில் வைத்தான். பெரியக்காவுக்குக் கைகூடக் கொடுத்தான்.

அவள் கையைத் தட்டிவிட்டாள்.

பதினாலு பேரும் அவன் முகத்தைப் பார்க்காமல் இறங்கினார்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. பெயர் கூப்பிடும் இடத்தில் வரிசையாக, விறைப்பாக, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். பெரியக்கா மட்டும் நேராகச் சூப்பர்வைசர் அறைக்குள் போனாள். ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டாள்.

சூப்பர்வைசர் ஜன்னலிலிருந்து கூப்பிட்டார்.

"நாளையிலேர்ந்து வேற வண்டிக்குச் சொல்லப் போறேன்ப்பா."

ரிவர்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சார்! ஆறு நாப்பத்தெட்டு சார்! ஒரே மூச்சுல ஏறிச்சு சார்!"

"நான் என்னப்பா பண்ண? மறுபடி புகார் சொல்லிட்டாங்க."

"மறுபடியா? இருந்த புகாரே தீரலியே சார்?"

"அது அப்பவே தீந்துருச்சே. நீ பெரிய டயர் போட்ட அன்னிக்கே அந்தம்மா வந்து, டிரைவர் தம்பி நல்லவரு, அவரே இருக்கட்டும், அஞ்சு பத்து நிமிஷம் லேட்டானா நீங்க கண்டுக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போச்சு. நான் ஒன்கிட்டச் சொல்லல?"

"சொல்லல சார்."

"மறந்திருப்பேன்."

"என்ன புகார் சார் அது?"

"யாருக்குத் தெரியும்? அவங்க சொல்லல, நான் கேக்கல."

ரிவர்ஸ் வரிசையை நோக்கி நடந்தான்.  குவாரி முழுக்க வெட்டவெளி. வெள்ளைத் தூசி, கல், ஆண்கள், லாரிகள். பெரியக்கா முன்னால் போய் நின்றான்.

"அக்கா, நான் என்னக்கா தப்பு பண்ணேன்? ஒரு மாசமா உசுரக் குடுத்து இந்த வண்டிய ஏற வச்சேனே!"

பெரியக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் போய், முகத்தில் ஏதோ இடிந்து விழுந்தது போலிருந்தது.

"விடியறதுக்கு முன்னாடி வீட்ட விட்டுக் கெளம்புற பொம்பளைங்க தம்பி நாங்க, இந்தக் குவாரியில ஒதுங்க ஒரு செடி மறைவு கெடையாது, வழியில நிறுத்துன்னு ஒரு ஆம்பளகிட்ட வாய் தொறந்து கேக்கவும் முடியாது, அதுக்குத்தான் மொதல்ல வேற வண்டி கேட்டோம், அப்புறம் நீயாப் புரிஞ்சுக்கிட்டு, எங்க மானத்துக்காகத் தெனமும் அந்த வளைவுல வண்டி ஏறாத மாதிரி நடிக்கிறேன்னுதானே பதினாலு பேரும் நெனச்சுக்கிட்டிருந்தோம்?"